மொறிஸ் மைனருக்கும் மினிக்கும் றேடியேற்றர் ஃபேன்: தெரிவதும் பூட்டுவதும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பக்கம் போகும்போது, காத்தான்குடியில் பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தில் வாகனங்கள் ஊரும் இடத்தில் எஞ்சின் சூடு ஏறுகிறது. ஆரையம்பதி, தாளங்குடா தாண்டி வேகம் பிடித்ததும் தானாக இறங்குகிறது. உங்கள் பழைய காரின் வியாதி இதுதான் என்றால் ஃபேனைப் பற்றிப் பேசலாம். செங்கலடியிலிருந்து மகா ஓயாப் பக்கம் போகும் வெறும் றோட்டில் 60 கிலோமீற்றர் வேகத்திலும் சூடு ஏறுகிறதென்றால் ஃபேன் வாங்கும் காசு வீண். அந்த வேகத்தில் கிறிலுக்குள் தானாகப் புகும் காற்றே போதுமானது. குறை வேறெங்கோ இருக்கிறது: குழாய்கள் அடைபட்ட றேடியேற்றர், பிந்திப்போன இக்னிஷன் டைமிங், பெற்றோல் குறைவான கலவை, உறிஞ்சப்பட்டு ஒட்டிப்போகும் கீழ் ஹோஸ், கசியும் ஹெட் கஸ்கற் (பிளொக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு).

ஹெட் கஸ்கற்றை முதலிலேயே விலக்கிவிடுவது நல்லது. எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது றேடியேற்றர் மூடியைக் கழற்றி, தண்ணீரை வாய்விளிம்பு வரை நிரப்பி, ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். தெர்மோஸ்டற் (எஞ்சின் சூடானதும் தண்ணீரை றேடியேற்றருக்கு விடும் வால்வு) திறக்கும் முன்பே குமிழிகள் விடாமல் வந்துகொண்டிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் இறங்குகிறது. அதைத் திருத்தாமல் ஃபேன் பூட்டுவதில் பலனில்லை.

இன்னொரு சங்கதி: மைனரின் டாஷ்போட்டில் எரிபொருள் ஊசி உண்டு, வெப்ப ஊசி கிடையாது. ஆவி பறந்த பிறகுதான் சூடு தெரியவரும். ஃபேனுக்கு முன் ஒரு வெப்ப ஊசி பூட்டுங்கள். மைனருக்கும் மினிக்கும் பொதுவான ஏ-சீரிஸ் எஞ்சினின் ஹெட்கள் பலவற்றில் தெர்மோஸ்டற் வீட்டுக்குக் கீழே, முன்பக்கம், சென்சருக்கான துளை அடைப்புடன் இருக்கும். ஊசி இல்லாமல் ஃபேன் பூட்டினால் அது வேலை செய்கிறதா இல்லையா என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

றேடியேற்றரையும் ஒருக்கால் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற ஊர்களில் உப்புக் காற்று செதில்களை (றேடியேற்றர் குழாய்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தகடுகளை) தின்றுவிடும். விரல் நுனியால் தடவும்போது செதில் மாவாக உதிர்ந்தால் அது குழாயோடு ஒட்டியில்லை என்று அர்த்தம். எவ்வளவு காற்று ஊதினாலும் சூடு வெளியே வராது. அதற்குப் புதுக் கோர் (குழாயும் செதிலும் சேர்ந்த நடுப்பகுதி) போடுவதுதான் வழி. செதில் நன்றாக இருந்து பூச்சி, வைக்கோல் தூசி, சேறு அடைத்திருந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லிய நீரால் கழுவுங்கள். சேவிஸ் ஸ்ரேஷன் அழுத்தக் குழாயை நேரே பிடித்தால் செதில்கள் மடிந்து, இருந்த வழியும் அடைபடும்.

உள்ளே ஊற்றும் தண்ணீரும் முக்கியம். மணல் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் சவர். அதை வருடக்கணக்காக ஊற்றினால் குழாய்க்குள் உப்பும் சுண்ணாம்பும் படியும். பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த நீர், இல்லாவிட்டால் சுத்தமாகப் பிடித்த மழைநீர், அதோடு கால் பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை கூலன்ற். இங்கே தண்ணீர் உறையப்போவதில்லைதான். ஆனால் கூலன்றில் இருக்கும் துரு தடுப்பான் வார்ப்பிரும்பு பிளொக்குக்குத் தேவை.

மூடியின் அழுத்தத்தையும் வாசித்துப் பாருங்கள். 4 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) மூடியில் தண்ணீர் ஏறக்குறைய 107 பாகையில் கொதிக்கும், 7 பி.எஸ்.ஐ மூடியில் 111 பாகையளவில், 13 பி.எஸ்.ஐ என்றால் 119. அதற்காகப் பழைய ஈயப் பற்று றேடியேற்றரில் 13 பி.எஸ்.ஐ மூடி போடாதீர்கள். மேல் தொட்டியின் பற்று வாய்விடும். 7 பி.எஸ்.ஐக்கு உரியதில் நல்ல 7 பி.எஸ்.ஐ மூடி, றப்பர் வெடிக்காமல் இருந்தால் போதும்.

பெல்ற் ஃபேனை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம்

மைனரில் வோட்டர் பம்ப் கப்பியோடு சேர்ந்து சுற்றும் ஃபேன் சிலவற்றில் இரண்டு இலை, சிலவற்றில் நான்கு. இரண்டு இலைதான் உங்களுடையதென்றால், மின் ஃபேனைப் பற்றி யோசிக்கும் முன் நான்கு இலை தேடிப் பூட்டுங்கள். அதோடு ஒரு தகரக் கவசமும் செய்தால் பெரும்பாலான 948, 1098 சி.சி எஞ்சின்களுக்கு மட்டக்களப்பு வெயிலில் அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

கவசம் என்பது றேடியேற்றரின் பின்முகம் முழுவதையும் மூடி, நடுவில் ஃபேனுக்கு மட்டும் வட்டம் வெட்டிய பெட்டி. அது இல்லாவிட்டால் ஃபேன், தனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்ப அள்ளும். றேடியேற்றரின் மூலைகள் வழியாக ஒன்றும் வராது. 1 மி.மீ அலுமினியத் தகடு போதும். இலையின் அகலத்தில் ஏறக்குறைய பாதி வட்டத்துக்குள்ளும் மீதி எஞ்சின் பக்கமாக வெளியிலும் இருக்கவேண்டும். முழுதாக உள்ளே போனால் காற்று பின்னால் விரிந்து போக வழியில்லை. பெல்ற் ஃபேனுக்கு இலை நுனிக்கும் தகரத்துக்கும் 15 முதல் 20 மி.மீ இடைவெளி விடுங்கள். எஞ்சின் றப்பர் மவுண்டில் ஆடுகிறது, கவசமோ றேடியேற்றரோடு அசையாமல் நிற்கிறது. பழைய மவுண்டென்றால் திடீர் பிறேக்கில் எஞ்சின் முன்னுக்கு வந்து இலை தகரத்தை அறுக்கும். அதன் பிறகு கோரையும் அறுக்கும்.

கழற்றிப் பூட்டும்போது இலையைத் திருப்பிப் போட்டுவிடுவது கராஜ்களில் சாதாரணம். திருப்பிப் போட்டால் காற்று எதிர்ப்பக்கம் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படியில்லை. இலையின் சாய்வு எந்தக் கைப்பக்கம் என்பது திருப்பினாலும் மாறாது, காற்று அதே திசையில்தான் போகும். மாறுவது இலையின் வளைவு: குழிந்த பக்கம் இருக்கவேண்டிய இடத்தில் குவிந்த பக்கம் வந்துவிடும், காற்று குறையும். திசை சரியாக இருப்பதால் குறை கண்ணில் படாது, கார் மட்டும் சூடேறும்.

ஏ-சீரிஸ் எஞ்சின்தானே என்று மைனர் ஃபேனை மினிக்குப் போடுவதும் இதே சாதி. மைனரில் ஃபேன் றேடியேற்றரிலிருந்து காற்றை எஞ்சின் பக்கம் இழுக்கிறது. மினியில் றேடியேற்றர் இடது பக்கச் சக்கரக் குழிச் சுவரோடு நிற்கிறது. ஃபேன் எஞ்சின் அறைக் காற்றை அதன் வழியாக வெளியே தள்ளுகிறது. எஞ்சின் சுற்றும் திசை இரண்டிலும் ஒன்றே. ஆகவே இலையின் சாய்வு நேரெதிர். மாற்றிப் பூட்டினால் சக்கரக் குழிக்குள் இருக்கும் சேறும் தூசியும் உள்ளே வரும்.

மின் ஃபேனின் கணக்கு டைனமோவில் தொடங்குகிறது

மின் ஃபேன் தேவைப்படும் நேரம் எது? கார் நிற்கும்போது அல்லது ஊரும்போது. பெல்ற்றால் சுற்றி மின்சாரம் தரும் டைனமோ ஒன்றும் தராத நேரமும் அதுதான். லூக்காஸ் சி39 டைனமோ உச்சத்தில் 19 அம்பியர், சி40 என்றால் 22. இரண்டுமே எஞ்சின் ஐடிலில் (கார் நிற்க, எஞ்சின் மெதுவாகச் சுற்றும் நிலையில்) இருக்கும்போது இக்னிஷன் விளக்கு மங்கலாக எரிய, பற்றறிக்கு எதுவும் அனுப்பாமல் சும்மா சுற்றும்.

பகலில் ஐடிலில் கொயிலுக்கு 3.5 அம்பியர், 10 அங்குல ஃபேனுக்கு 8 அம்பியர்: மொத்தம் 11.5. முழுவதும் பற்றறியிலிருந்து. இரவென்றால் டிப் விளக்குகளுக்கு 6.5, பார்க், பின் விளக்கு, இலக்கத்தகடு எல்லாம் சேர்ந்து 2, பிறேக் மிதித்துக்கொண்டு நின்றால் இன்னும் 3.5. மொத்தம் 23.5 அம்பியர். இருபது நிமிடத்தில் பற்றறியிலிருந்து 8 அம்பியர்-மணி போய்விடும். பிறகு ஓடும்போது விளக்கு, கொயில், ஃபேன் மூன்றும் சேர்ந்து 20 அம்பியர் அளவில் கேட்டால், 22 அம்பியர் டைனமோவுக்குப் பற்றறியைத் திருப்பி நிரப்ப மிச்சமே இல்லை. ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் பக்கம் சன நெரிசலில் மாட்டிக்கொண்டவர் வீடு திரும்பும்போது ஸ்ராட்டர் சுற்றாது.

ஆகவே என் நிலைப்பாடு இது: டைனமோவோடு இருக்கும் மைனருக்கு நல்ல பெல்ற் ஃபேனும் கவசமும். மின் ஃபேன்தான் வேண்டுமென்றால் பெல்ற் ஃபேனைக் கழற்றாமல், துணைக்கு மட்டும் ஒரு சின்ன 8 அல்லது 9 அங்குல ஃபேன் கிறில் பக்கம். பெல்ற் ஃபேனை முழுதாக எடுப்பதென்றால் முதலில் டைனமோவுக்குப் பதில் ஓல்ரனேற்றர்.

ஓல்ரனேற்றரில் லூக்காஸ் 16 ஏ.சி.ஆர் 34 அம்பியர், 17 ஏ.சி.ஆர் 36. யப்பான் சின்னக் கார்களிலிருந்து கழற்றிய 40, 50 அம்பியர் ஓல்ரனேற்றர்களும் பிறக்கெற் செய்தால் உட்காரும், ஐடிலிலும் ஓரளவு தரும். ஆனால் பழைய பிரித்தானியக் கார்கள் பல பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றறியின் பொசிற்றிவ் முனை காரின் உடம்போடு இணைந்திருக்கும். ஓல்ரனேற்றருக்கு நெகற்றிவ் ஏர்த் வேண்டும். பற்றறியைத் திருப்பும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். பற்றறியின் பொசிற்றிவ் முளை நெகற்றிவ்வைவிடத் தடிமன், ஆகவே கிளாம்புகளையும் மாற்றவேண்டும். கொயிலில் நெகற்றிவ் முனை டிஸ்ரிபியூற்றருக்குப் போகவேண்டும். எஸ்.யூ மின் பெற்றோல் பம்பில் பழைய தொடுபுள்ளி (பொயின்ற்) வகை எப்பக்கமும் வேலை செய்யும். டயோட் அல்லது திரான்சிஸ்ரர் வைத்தது பக்கம் மாறினால் எரிந்துபோகும். பம்பில் ஏர்த் பற்றி ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்காமல் சாவியைத் திருப்பாதீர்கள்.

எந்த ஃபேன்

பெட்டியில் அச்சடித்திருக்கும் காற்றளவை நம்பவேண்டாம். அது முன்னால் றேடியேற்றர் இல்லாமல், திறந்த வெளியில் எடுத்த அளவு. அடர்ந்த செதில்கள் முன்னால் வந்ததும் சின்ன மோட்டர் மூச்சுத் திணறும். மோட்டரின் தடிமனும் எடையும்தான் நல்ல சாட்சி. மெல்லிய, மலிவான யூனிவேசல் ஃபேன்கள் கையில் எடுத்தாலே இலேசாக இருக்கும்.

எனக்குப் பிடித்தது பழைய யப்பான், இந்தியச் சின்னக் கார்களின் ஃபேன். மாருதி 800, சுசுகி ஓல்ற்றோ போன்ற 800 சி.சி கார்களின் ஃபேன், ஏறக்குறைய மைனர் அளவு எஞ்சினைக் குளிரவைக்கச் செய்யப்பட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் இங்குள்ள பழைய சாமான் கடைகளிலும் தேடலாம். வாங்கும்போது கடையிலேயே பற்றறி கொடுத்து ஓடவிடுங்கள். கையால் சுற்றினால் உரசாமல் சுற்றி மெதுவாக நிற்கவேண்டும். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப்பாருங்கள். ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. டி.சி அளக்கும் கிளாம்ப் மீற்றர் இருந்தால் அம்பியர் பாருங்கள். 10 அங்குலத்துக்கு 6 முதல் 8, 12 அங்குலத்துக்கு 8 முதல் 12 வரை சாதாரணம். 10 அங்குல ஃபேன் 15 இழுத்தால் மோட்டர் இறுகுகிறது, விட்டுவிடுங்கள். ஏ.சி கண்டென்சருக்கு முன்னால் நின்ற ஃபேன் பெரும்பாலும் தள்ளும் வகை, இழுக்கும் வகை அல்ல, கேட்டு வாங்குங்கள்.

இழுப்பதா தள்ளுவதா? இடம் இருந்தால் எஞ்சின் பக்கம் நின்று இழுப்பதே நல்லது. முன்னால் நின்று தள்ளும் ஃபேன், வேகமாகப் போகும்போது வரும் காற்றுக்குக் குறுக்கே நிற்கும்; மழையும் சேறும் நேரே மோட்டரில் படும். பெல்ற் ஃபேனைக் கழற்றிய பிறகு மைனரில் வோட்டர் பம்ப் கப்பியின் முகத்திலிருந்து கோர் வரை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். ஃபேனின் மொத்தத் தடிப்பு, கோருக்கும் கவசத்துக்கும் இடைவெளி, மோட்டரின் முதுகுக்கும் கப்பிக்கும் இடையே குறைந்தது 25 மி.மீ: மூன்றும் சேர்ந்து அதற்குள் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் மோட்டரைக் கப்பிக்கு நேரே வைக்காமல் ஒரு பக்கம் தள்ளி வைக்கலாம். கவசம் இருந்தால் ஃபேன் நடுவில்தான் நிற்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

பிளேட் திசை பற்றி ஒரு வரி. சாதாரண பிறஷ் மோட்டரில் வயரை மாற்றினால் சுற்றும் திசை மாறும், ஆனால் இலையின் வளைவு அதற்கு ஏற்றதல்ல. காற்று கணிசமாகக் குறையும். தள்ளும் ஃபேனை இழுக்கும் ஃபேனாக மாற்ற வயரையும் மாற்றவேண்டும், இலையையும் கழற்றித் திருப்பிப் போடவேண்டும். இரண்டும் செய்ய முடியாத ஃபேனை வாங்காதீர்கள். பிறஷ் இல்லாத, உள்ளே எலெக்ற்றோனிக்ஸ் வைத்த புது ஃபேனில் வயர் மாறினால் மோட்டர் போய்விடும்.

பூட்டுதல்

யூனிவேசல் ஃபேனோடு வரும் பிளாஸ்ரிக் ஊசிகளைக் கோரின் நடுவே குத்தி இழுத்துக் கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் வேலை. பத்து நிமிடத்தில் முடியும். ஃபேன் மோட்டரின் எடை முழுவதும் மெல்லிய பித்தளைக் குழாய்களில் தொங்கும். வயல் பாதையின் குலுக்கலில் ஊசி குழாயை உரசி, சில மாதங்களில் நடுக்கோரில் ஒரு பொட்டுக் கசிவு. அந்தக் கசிவை ஈயத்தால் அடைக்கப் போனால் பக்கத்துக் குழாய்களின் பற்றும் இளகும்.

அதற்குப் பதிலாக 20 × 3 மி.மீ பட்டை இரும்பு அல்லது 25 மி.மீ அலுமினிய அங்கிள் இரண்டை, றேடியேற்றரின் பக்கச் சட்டங்களில் ஏற்கெனவே இருக்கும் போல்ற் துளைகளுக்கு ஏற்ற நீளத்தில் வெட்டி, மேலும் கீழுமாகக் குறுக்கே பூட்டுங்கள். ஃபேனின் கால்கள் அதில் உட்காரும். ஒவ்வொரு காலுக்கும் பட்டைக்கும் நடுவே 3 மி.மீ றப்பர் வாஷர். நட் எல்லாம் நைலோன் பூட்டு வகை. றப்பர் இருப்பதால் சாதாரண நட் இறுகாது, கழன்று விழும்.

கவசத்தை இங்கேயும் விட்டுவிடாதீர்கள். ஒரு கணக்கு: 10 அங்குல ஃபேனின் வட்டம் 507 சதுர சென்ரிமீற்றர். கோர் 40க்கு 35 சென்ரிமீற்றர் என்று வைத்தால் 1400. கவசம் இல்லாமல் ஒட்டிப் பூட்டினால் கோரின் மூன்றிலொன்றுக்குச் சற்று மேல்தான் வேலை செய்யும். கவசத்தில் ஃபேன் பூட்டும் தகட்டுக்கும் கோருக்கும் 20 முதல் 25 மி.மீ ஆழம், ஓரமெல்லாம் ஸ்பொஞ் பட்டி, இலை நுனிக்கும் வட்டத்துக்கும் 3 முதல் 6 மி.மீ. ஃபேனும் கவசமும் ஒன்றாக ஆடுவதால் இங்கே இடைவெளி நெருக்கமாக இருக்கலாம். ஒரேயொரு பிரச்சினை: முழுதாக மூடிய கவசம் வேகமாகப் போகும்போது காற்றைத் தடுக்கும். மூலைகளில் உள்ளங்கையளவு ஜன்னல் வெட்டி, எஞ்சின் பக்கமாக மட்டும் திறக்கும் மெல்லிய றப்பர் மடல் ஒட்டுங்கள். ஓடும்போது காற்று மடலைத் தள்ளித் திறக்கும். நின்றதும் ஃபேனின் உறிஞ்சலில் அது தானாக மூடும். பழைய சைக்கிள் ட்யூப் இதற்கு நன்றாக வேலை செய்கிறது.

பெல்ற் ஃபேனைக் கழற்றியதும் கப்பியை அதே பழைய போல்ற்களால் இறுக்காதீர்கள். ஃபேனின் தடிப்பும் இடைத்துண்டின் தடிப்பும் போனபிறகு போல்ற் நீளம் அதிகம். ஸ்பனருக்கு இறுகியது போலத் தெரியும், கப்பி தளர்வாக இருக்கும், அல்லது போல்ற் நுனி பின்னால் நீட்டிப் பம்ப் உடம்பை உரசும். கால் அங்குல யு.என்.எஃப் (அங்குல நுண்புரி) புரியில் கட்டையான போல்ற் நான்கு, ஸ்பிறிங் வாஷருடன். கடையில் கிடைக்கும் 6 மி.மீ போல்ற் போய் உட்காரும் போலிருக்கும், புரியைக் கெடுத்துவிடும். இக்கட்டத்தில் மேல் ஹோசும் கையில் கழன்றுதான் இருக்கும். ஹெட்டுக்கும் வோட்டர் பம்புக்கும் நடுவே இருக்கும் அந்தக் குட்டை பைபாஸ் ஹோசையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், பிறகு அதை எட்டுவது பெரும்பாடு.

வயர், றிலே, சுவிச்

ஃபேனின் மின்சாரம் முழுவதும் றிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிச்) வழியாகப் போகவேண்டும். டாஷ்போட் சுவிச் வழியாக நேரே கொடுத்தால் சுவிச் உருகும், இக்னிஷன் சாவியும் சேர்ந்து போகும். 30 அம்பியர் நான்கு முனை றிலே ஒன்று போதும். 30ஆம் முனைக்கு ஸ்ராட்டர் சொலனொயிட்டின் பற்றறிப் பக்கத்திலிருந்து, அங்கிருந்து ஒரு சாணுக்குள் 20 அம்பியர் பிளேட் ஃபியூஸ் வைத்து. 87 ஃபேனுக்கு. 86, ஃபியூஸ் பெட்டியில் ஏ4 முனையிலிருந்து வரும் பச்சை வயரில்; லூக்காஸ் நிறக் கணக்கில் பச்சை என்றால் இக்னிஷன் போட்டால் மட்டும் வரும், ஃபியூஸ் தாண்டிய லைன். 85 வெப்பச் சுவிச்சுக்கு, சுவிச்சிலிருந்து ஏர்த்துக்கு. டாஷ்போட்டுக்குக் கீழே ஒரு கைச் சுவிச்சும் 85இலிருந்து ஏர்த்துக்கு. அது வெப்பச் சுவிச்சோடு பக்கவாட்டாக நிற்கவேண்டும், வரிசையில் அல்ல: வெப்பச் சுவிச் செத்தாலும் கையால் ஃபேனைப் போடலாம். வேறு ஒரு சுவிச் 86இன் பாதையில் வைத்தால் வெள்ளத்தில் இறங்கும்போது ஃபேனை முழுதாக அணைக்க உதவும்.

பொசிற்றிவ் ஏர்த் காரிலும் இதே பாதைதான். ஃபேனின் இரண்டு வயரை மாற்றிக் கொடுக்கவேண்டும், றிலேக்குள் டயோட் இல்லாததைத் தேடி எடுக்கவேண்டும். டயோட் வைத்த றிலேயில் 85, 86 மாறினால் ஃபியூஸ் போகும்.

வயரில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. 44/0.30 (0.30 மி.மீ இழை 44) என்று சொல்லும் 3 ச.மி.மீ வயர் 27.5 அம்பியர் தாங்கும், 28/0.30 என்ற 2 ச.மி.மீ 17.5 அம்பியர். 10 அம்பியர் 3 மீற்றர் தூரம் போனால் 3 ச.மி.மீ வயரில் இழப்பு 0.2 வோல்ற்றுக்குக் கீழே. விளக்குக்குப் போடும் 1 ச.மி.மீ வயரில் அரை வோல்ற்றைத் தாண்டும். ஏர்த் வயரும் அதே தடிப்பு. 13.5 வோல்ற்றில் ஓடவேண்டிய ஃபேன் 11.5இல் ஓடினால் வேகம் ஏழிலொரு பங்கு குறையும். காற்றும் அதே அளவுக்குக் குறையும், வெளியில் தெரியாது. பழைய லூக்காஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருப்பது வெடிக்கும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி. பிளேட் ஃபியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. கண்ணாடி ஃபியூஸுக்குப் பதில் பிளேட் ஃபியூஸை அதே எண்ணில் போட்டால் வயர் எரிந்த பிறகுதான் ஃபியூஸ் போகும்.

வெப்பச் சுவிச்சை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. றேடியேற்றரில் அதற்கென்று புரித்துளை இல்லாத காருக்கு, மேல் ஹோசை வெட்டி நடுவே செருகும் உலோகக் குழல் கிடைக்கும். சுவிச்சின் புரி பெரும்பாலும் 22 மி.மீ, 1.5 இடைவெளி. ஹோசின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். குழலின் இரண்டு பக்கமும் றப்பர், ஆகவே அது ஏர்த்திலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கும். ஒற்றை முனைச் சுவிச் வைத்தால் குழலின் உடம்புக்குத் தனியாக ஒரு ஏர்த் வயர் வேண்டும். இதை மறந்துவிட்டு ‘சுவிச் செத்த சாமான்’ என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய. இன்னொரு வகை, மெல்லிய செப்புக் குழல் நுனியை ஹோசுக்கும் றேடியேற்றர் வாய்க்கும் நடுவே சொருகுவது. அது கசியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சுவிச்சில் இரண்டு எண் இருக்கும், உதாரணமாக 92, 87. 92 பாகையில் போடும், 87இல் அணைக்கும். அணைக்கும் எண் உங்கள் தெர்மோஸ்டற் திறக்கும் எண்ணைவிட மேலே இருக்கவேண்டும். 82 பாகைத் தெர்மோஸ்டற்றுக்கு மேல் ஹோசில் 92/87 சரியாக இருக்கும். 88 பாகைத் தெர்மோஸ்டற்றுக்கு அதே சுவிச் வைத்தால் தண்ணீர் 87க்கு இறங்கவே மாட்டாது. ஃபேன் ஓயாமல் ஓடி பற்றறியைத் தின்னும். 88 குளிர் நாட்டுக்கு உரியது. இங்கே 82, சிலர் 74. தெர்மோஸ்டற்றை அடியோடு எடுத்துவிடுவது பழைய பாஸ்மாரின் வைத்தியம். தண்ணீர் கோரில் நிற்க நேரமில்லாமல் ஓடும் என்பது அவ்வளவு சரியான விளக்கமல்ல. உண்மையில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் தேய்மானம் கூடும், ஒயிலில் நீர் சேரும். மேல் ஹோசில் வைக்காமல் றேடியேற்றரின் கீழ்த் தொட்டியில் சுவிச் வைத்தால், அங்கே தண்ணீர் ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால் பத்துப் பாகை வரை குறைந்த சுவிச் எடுக்கவேண்டும்.

மினிக்காரர்களுக்கு

கிறிலுக்குப் பின்னால் ஃபேன் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பக்க றேடியேற்றர் மினியில் கிறிலுக்குப் பின்னால் றேடியேற்றர் இல்லை. அங்கே டிஸ்ரிபியூற்றர்தான் இருக்கிறது. ஏற்கெனவே மழையில் நனைந்து நின்றுபோகும் சாமானுக்கு நீங்களே தண்ணீர் தெளிப்பதாக முடியும். துணை ஃபேன் இடது சக்கரக் குழிக்குள், றேடியேற்றரின் வெளிப்புறம் நின்று இழுக்கவேண்டும். பெல்ற் ஃபேன் தள்ளும் அதே திசை. பிற்கால மினிகளில் தொழிற்சாலையே அப்படித்தான் வைத்தது. முன்பக்க றேடியேற்றர் 1996இல்தான் வந்தது. சக்கரக் குழியில் மோட்டரில் சேறும் உப்பும் படும். முன்னால் ஒரு றப்பர் தடுப்புத் தொங்கவிடுங்கள், மோட்டரின் நீர் வடியும் துளை கீழ்நோக்கி இருக்கட்டும். சக்கரத்தை இரு பக்கமும் முழுதாக வளைத்து, ஜாக்கியில் ஏற்றி இறக்கி, டயர் ஃபேனைத் தொடாததை உறுதிசெய்யுங்கள். பற்றறி பின்னால் டிக்கியில் இருப்பதால் ஃபேனுக்கு அங்கிருந்து வயர் இழுக்கவேண்டாம். முன்னால் சொலனொயிட்டில் எடுத்தால் போதும். மொத்தத் தண்ணீரே மூன்றரை லீற்றருக்கு அண்மையில் என்பதால் மினியில் சூடு ஏறுவதும் சட்டென்று, இறங்குவதும் சட்டென்று.

பார்த்து உறுதிசெய்தல்

முதலில் தாள் பரீட்சை. எஞ்சினை அணைத்து, இக்னிஷனைப் போட்டு, கைச் சுவிச்சால் ஃபேனை ஓடவிட்டு, கிறிலுக்கு முன்னால் ஒரு பேப்பர்த் தாளைப் பிடியுங்கள். மைனரில் தாள் கிறிலோடு ஒட்டிக்கொள்ளவேண்டும். பறந்து உங்கள் முகத்தில் அடித்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. ஒட்டியது என்றால் தாளைச் சின்னத் துண்டாகக் கிழித்து, மூலை மூலையாக வைத்துப் பாருங்கள். மூலைகளில் தாள் நழுவி விழுந்தால் கவசத்தின் ஓரம் அங்கே காற்று விடுகிறது.

பிறகு பொனற்றை மூடி ஐடிலில் இருபது நிமிடம். ஃபேன் போடுவதும் அணைவதுமாக இருக்கவேண்டும். போட்டபின் அணையவே இல்லையென்றால் காற்றோ கோரோ போதாது, அல்லது மேலே சொன்ன சுவிச், தெர்மோஸ்டற் பொருத்தம் பிழை. ஃபேன் ஓடும்போது அதன் பிளக்கில் வோல்ற் அளந்து, அதே நேரம் பற்றறியிலும் அளங்கள். வித்தியாசம் அரை வோல்ற்றுக்கு மேல் இருந்தால் வயரிலோ ஏர்த்திலோ குறை. வைகாசி, ஆனியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது காரின் பின்புறம் மேற்கைப் பார்க்க நிறுத்தி இதே பரீட்சையைச் செய்யுங்கள். அந்தச் சுடுகாற்று எஞ்சின் பக்கத்திலிருந்து ஃபேனுக்கு எதிராகத் தள்ளும். அதில் தேறினால் எங்கும் தேறும். கல்யாண ஊர்வலத்துக்கு மைனரைக் கொடுப்பவர்கள் கிறிலை மறைத்துப் பூமாலை கட்டவிடாதீர்கள். நடை வேகம், வெயில், மூடிய கிறில் மூன்றும் சேர்ந்தால் எந்த ஃபேனும் தோற்கும்.

பிறகு வரும் குறைகளில் முக்கால்வாசி முனைகளில்தான். உப்புக் காற்றில் ஸ்பேட் முனை பச்சை பூத்து, தொடுகை கெட்டு, சூடேறி, ஃபியூஸ் பிடியின் பிளாஸ்ரிக் உருகும். ஃபியூஸ் வெடிக்காமலே பிடி உருகியிருந்தால் அம்பியர் கூடவில்லை, தொடுகைதான் கெட்டது. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க வேண்டாம். கிறிம்ப் பண்ணி, மேலே வெப்பச் சுருங்கு குழாய் போட்டு, முனையில் வாஸ்லீன் தடவுங்கள். றிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டினால் தண்ணீர் உள்ளே தங்காது.

மாரியில் அம்பாறைப் பக்க வயல் வீதிகளில் தண்ணீர் ஏறியிருக்கும்போது, இறங்கும் முன் அந்த 86 சுவிச்சால் ஃபேனை அணையுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் பிளாஸ்ரிக் இலை தண்ணீரில் மோதினால் முன்னுக்கு வளைந்து கோரைச் சுரண்டும், இல்லாவிட்டால் மோட்டர் நின்று ஃபியூஸ் போகும். மறுபக்கம் ஏறியதும் சில நிமிடம் பொறுத்து, ஃபேனைப் போட்டு, சத்தத்தில் உரசல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அன்று மாலையே செதில்களுக்கு நடுவே ஒட்டிய நெல் சப்பியையும் புல்லையும் பின்பக்கத்திலிருந்து கழுவிவிட்டால் காய்ந்து இறுகாது.